மிஸ் ஃப்யூரி வேஷம் போட நினைக்கிறேன், இவளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குரோம்பேட்டை பூனை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற திருவிழா) நானும் என் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரும் வேஷம் போட்டுக்கொண்டு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். போன தடவை எங்கே திரும்பினாலும் வொண்டர் வுமன், இல்லாவிட்டால் ஹார்லி குவின். யாரும் போடாத ஆளாக, ரொம்பப் பழைய ஆளாக ஒருத்தி வேண்டும் என்று 1940களின் அமெரிக்க காமிக்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். மிஸ் ஃப்யூரி கண்ணில் பட்டாள். தலையிலிருந்து கால் வரை கறுப்பு, பூனைக் காது, நகம், வால். பார்த்ததும் பிடித்துவிட்டது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். "எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் உனக்குப் பாரதியார் வேஷம்தான் போட்டேன், இது என்ன பூனை?" என்கிறாள். சித்தி பையன், "இது கேட்வுமன் காப்பிதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் யார் இவள்? என்ன சக்தி? வொண்டர் வுமனுக்கு முன்பே வந்தவள் என்கிறார்களே, அது சரியா? எங்கே படிக்கலாம்? அப்புறம், அந்த உடையைச் சென்னை வெயிலில் போட்டுக்கொண்டு மயங்கி விழாமல் இருப்பது எப்படி என்றும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கட்டம் கட்டி:

பேசாமல் வொண்டர் வுமனே போடுங்கள் சகோதரி. மிஸ் ஃப்யூரி போட்டால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் நின்று கதை சொல்ல வேண்டியிருக்கும். செல்ஃபி எடுக்க வருகிறவன் கதை கேட்க மாட்டான்.

பைகிராஃப்ட்ஸ் ரோடு:

கட்டம் தம்பி சொல்வதைக் கேட்காதே பூனைக்குட்டி. கதை சொல்லத்தானே வேஷம். எனக்கு இவளை நன்றாகத் தெரியும், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கறுப்பு உடைதான் மிஸ் ஃப்யூரி என்று நினைத்துக்கொண்டு வேஷம் போட்டால் பாதி ஆள்தான் வருவாள். பத்து வருஷம் ஓடிய தொடரில் அந்த உடையை அவள் மாட்டிக்கொள்வது எப்போதாவதுதான். வாரக் கணக்கில் அது கதையிலேயே தலைகாட்டாது. மற்ற நேரமெல்லாம் அவள் மார்லா டிரேக், நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பெண். தொப்பி, கையுறை, குதிகால் செருப்பு, இரவு விருந்துக்கு ஒரு கவுன், வீட்டில் இருக்கும்போது லேஸ் வைத்த அங்கி. தொடர் அங்கேதான் நடக்கிறது.

ஆரம்பமே துணிப் பிரச்சினைதான். மார்லா ஒரு மாறுவேட விருந்துக்குக் கிளம்புகிறாள். அவள் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் அதே உடையில் இன்னொருத்தியும் வருகிறாள் என்று தெரிகிறது. கல்யாண வரவேற்பில் நாம் கட்டியிருக்கும் அதே பட்டுப்புடவையில் எதிர்வரிசையில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. வேலைக்காரப் பெண் ஃபிரான்சின்தான் யோசனை சொல்கிறாள்: உங்கள் மாமா விட்டுப்போன கருஞ்சிறுத்தைத் தோல் சும்மாத்தானே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன? போகிற வழியில் வம்பு, போலீஸ், பேப்பரில் செய்தி. அவ்வளவுதான் அவள் 'அவதாரம்' எடுத்த கதை. அப்பா அம்மாவைக் கொன்றவனைப் பழிவாங்கும் சபதம் கிடையாது. வேறு கிரகத்திலிருந்தும் வரவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

சக்தி என்று கேட்டாய். பறக்க மாட்டாள். குண்டு பட்டால் மற்றவர்களைப் போல அவளும் விழுவாள். அந்தத் தோல் ஆப்பிரிக்க மந்திரவாதி ஒருவரிடமிருந்து மாமாவுக்கு வந்தது என்று ஒரு கதை. அந்தக் காலத்து அமெரிக்கக் கதைகளில் ஆப்பிரிக்கா என்றாலே மந்திரவாதிதான், அந்தப் பகுதி இன்று படிக்க அலுப்பாக இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளும் போதெல்லாம் அவளுக்கு நல்லதைவிட வம்புதான் அதிகம் வருகிறது.

இப்போது தேதிக்கு வருவோம். 1941 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. பெல் சிண்டிகேட் (பல பத்திரிகைகளுக்குத் தொடர்களை விநியோகிக்கிற நிறுவனம்) மூலம் பத்திரிகைகளின் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் தொடங்கியது. முதலில் 'ப்ளாக் ஃப்யூரி' என்றுதான் பெயர், அந்த வருஷக் கடைசியில் 'மிஸ் ஃப்யூரி' ஆனது. வொண்டர் வுமன் கடைக்கு வந்தது அதே 1941 அக்டோபரில். ஆகவே முன்பே வந்தவள் என்பது சரி.

ஆனால் முன்னால் பின்னால் என்பதைவிடப் பெரிய விஷயம், இவளை எழுதியதும் வரைந்ததும் ஒரு பெண். ஜூன் டார்ப்பே மில்ஸ். புரூக்ளின்காரி. பிராட் கலைப்பள்ளியில் படிக்கும்போது கட்டணத்துக்காக மாடலாக நின்றவள். மிஸ் ஃப்யூரிக்கு முன்பே காமிக் புத்தகங்களில் 'பர்ப்பிள் ஜாம்பி', 'டேர்டெவில் பேரி ஃபின்' என்றெல்லாம் செய்திருக்கிறாள். பெயரில் ஜூனை வெட்டிவிட்டு 'டார்ப்பே மில்ஸ்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டாள், பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது என்பதற்காக. இத்தனை வீரதீரக் கதை எழுதுவது ஒரு பொம்பளை என்று தெரிந்தால் பையன்களுக்குச் சப்பென்று போய்விடும் என்று பேட்டியிலேயே சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் ரங்கராஜன் 'சுஜாதா' ஆனார், வேணுகோபாலன் 'புஷ்பா தங்கதுரை' ஆனார். அங்கே தலைகீழ். ரகசியம் ரொம்ப நாள் நிற்கவில்லை. மார்லாவின் முகத்தையும் மில்ஸின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீயே சொல்லிவிடுவாய். தன்னையே வரைந்துகொண்டாள்.

மார்லாவின் வீட்டில் ஒரு வெள்ளைப் பாரசீகப் பூனை உண்டு, பெயர் பெர்ரி-பர். அதுவும் மில்ஸ் வீட்டுப் பூனைதான், பெயரைக்கூட மாற்றவில்லை. போர்க்காலத்தில் அந்தப் பூனையை ஒரு கப்பலுக்கு ராசிப் பூனையாகத் தானம் கொடுத்துவிட்டாள்.

இப்போது நான் இதையெல்லாம் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கணினி வருவதற்கு முந்தைய காலத்தில் நான் ஒரு வாரப்பத்திரிகையில் லே-அவுட் ஆளாக இருந்தேன். ப்ரோமைடை (எழுத்தும் படமும் பதிந்த போட்டோத் தாள்) வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, அட்டையில் ஒட்டுகிற வேலை. தொடர்கதைக்குப் படம் எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் வரும். ஓவியர் அனுப்பிய ஆள் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது நாங்கள் படத்துக்கு விட்ட இடம் வெள்ளையாகக் காத்துக்கொண்டிருக்கும். அந்தப் படம் அச்சாகி வந்த வாரமே வாசகிகள் கடிதம் போடுவார்கள், கதாநாயகி கட்டியிருந்த புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு. ஜெயராஜ் வரைந்த ரவிக்கையைத் தையல்காரரிடம் காட்டித் தைத்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கதையில் கொலை நடந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வரி கேட்க மாட்டார்கள்.

மில்ஸுக்கு இந்த வாசகி யார் என்று தெரிந்திருந்தது. டைம்லி நிறுவனம் (இன்றைய மார்வெலின் தாத்தா) 1942 முதல் 1946 வரை இந்தத் தொடரை எட்டு இதழ்களாக மறுபதிப்புச் செய்தது. அதில் மார்லாவுக்குக் காகிதப் பொம்மைகள் வரைந்து கொடுத்தாள். பொம்மையை வெட்டி, கவுனை வெட்டி, தோளில் இருக்கும் சின்னக் காகிதக் காதுகளை மடித்துப் போட்டுவிடலாம். நாஜி ஒற்றர்களை உதைக்கிற ஒரு புத்தகத்தில் இதற்கு இடம் ஒதுக்கியவள் அவள்!

அப்புறம், இது வாரம் ஒரு பக்கம் வருகிற சமாச்சாரம். போன வாரம் படிக்காதவளுக்கும் புரிய வேண்டும், அடுத்த ஞாயிறு வரை தவிக்கவும் வேண்டும். மில்ஸ் அதற்குச் சண்டையைவிட மனிதர்களைத்தான் நம்பினாள். காதலன் கேரி ஹேல் ஒரு பக்கம், துப்பறியும் டான் கேரி ஒரு பக்கம், இவர்களுக்கு நடுவே பேரனஸ் (பிரபுப் பட்டம் உள்ள பெண்) எரிக்கா வான் காம்ஃப். எரிக்காவை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாஜிகளின் உளவாளி, அழகி, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தப் பக்கம் சாய்கிறவள். அவள் நெற்றியில் நாஜி ஸ்வஸ்திகாவைச் சூடு போட்டுவிடுகிறார்கள். அதை மறைக்க முன்முடியை 'வி' வடிவத்தில் வெட்டி நெற்றியில் இறக்கிவிட்டுக்கொள்கிறாள். அந்த முன்முடியைப் பார்க்கும் போதெல்லாம் அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், எதிரில் பேசிக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது. ஒரு வசனம் இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு சஸ்பென்ஸை ஓட்டியிருக்கிறாள் பார்.

பின்னால் மார்லா டாரன் என்று ஒரு குழந்தையைக் காப்பாற்றிக் கொண்டுவந்து தானே வளர்க்கிறாள். கல்யாணம் ஆகாத பெண், 1940களில், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில். அந்தக் குழந்தையைப் பெற்றவள் யார்? அதே எரிக்காதான். எங்கள் பத்திரிகையின் தொடர்கதை ஆசிரியர்கள் இதைக் கேட்டிருந்தால் பொறாமையில் வெந்திருப்பார்கள்.

எனவே உன் சித்தி பையனிடம் சொல், இது காப்பி இல்லை. பூனை உடை போட்ட சூப்பர் ஹீரோயின் என்பதும் முழுக்கச் சரியில்லை. இது அசல் தொடர்கதைக் கதாநாயகி, நடுவில் எப்போதாவது சிறுத்தைத் தோல் போட்டுக்கொள்வாள்.

லயன் ரசிகன் 84:

அருமை அக்கா. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது காமிக்ஸ் சாகசக்காரி மாடஸ்டி. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி' தானே. வீட்டில் அண்ணன் இரும்புக்கை மாயாவிக் கட்சி, நான் மாடஸ்டி கட்சி. அவளும் பத்திரிகைத் தொடரிலிருந்து வந்தவள்தான், லண்டனில் 1963இல் ஆரம்பித்தது. ஆனால் எழுதியதும் வரைந்ததும் ஆண்கள். நீங்கள் சொன்ன காகிதப் பொம்மை மாதிரி ஒன்றை மாடஸ்டியில் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சைதை சேகரிப்பு:

மேடம் எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் 'முன்பே வந்தவள்' என்பதைப் பார்த்துவிட்டு யாராவது 'முதல் சூப்பர் ஹீரோயின்' என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1940 பிப்ரவரித் தேதியிட்ட 'ஜங்கிள் காமிக்ஸ்' இரண்டாம் இதழிலேயே ஃபான்டோமா வந்துவிட்டாள். ஃப்ளெட்சர் ஹாங்க்ஸ் வேறு பெயரில் செய்தது. காட்டைக் காக்கிறவள், கோபம் வந்தால் முகம் மண்டையோடாக மாறும், ஆனால் பொன்னிறக் கூந்தல் மட்டும் அப்படியே கலையாமல் இருக்கும். பார்த்தால் இரவில் தூக்கம் வராது. அடுத்த மாதமே 'த்ரில்லிங் காமிக்ஸ்' இதழில் 'வுமன் இன் ரெட்'. பெக்கி ஆலன் என்ற போலீஸ்காரி, சிவப்பு அங்கியும் முகமூடியுமாக வருவாள். அதே ஆண்டு ஜூனில் பத்திரிகைத் தொடராக 'இன்விசிபிள் ஸ்கார்லெட் ஓ'நீல்', மணிக்கட்டில் ஒரு நரம்பை அழுத்தினால் மறைந்துவிடுவாள். மிஸ் ஃப்யூரிக்குப் பின்னால், ஆனால் வொண்டர் வுமனுக்கு முன்னால், கனடாவில் நெல்வானா என்ற நாயகி 1941 ஆகஸ்டில். போர்க்காலச் செலவைக் குறைக்க அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதியைக் கனடா தடை செய்ததால், அவர்களே சொந்தமாகச் செய்துகொண்டது அது.

கேட்வுமன் விஷயம்: 1940இல் பேட்மேன் முதல் இதழில் அவள் பெயர் வெறும் 'தி கேட்'. பூனை உடையே கிடையாது, கிழவி வேஷத்தில் வந்த நகைத் திருடி. அப்புறம் ஒரு பூனைத்தலை முகமூடியைக் கவுனுக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தாள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை அவளுக்கு வந்தது ரொம்பப் பின்னால். யார் யாரைக் காப்பி அடித்தார்கள் என்று சித்தி பையனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

பைகிராஃப்ட்ஸ் ரோடு:

சைதை தம்பி, 'முதல்' என்ற பட்டத்தை நான் எங்கும் கொடுக்கவில்லை, நீங்களே ஃபான்டோமாவுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மண்டையோட்டைப் பார்த்தால் பயத்தைவிடச் சிரிப்புதான் வரும். பெண்ணே எழுதி, பெண்ணே வரைந்த முகமூடிக்காரி என்ற வரிசையில் மிஸ் ஃப்யூரியை முதலில் உட்கார வையுங்கள். அதற்கு மேல் சண்டைக்கு வரவில்லை.

அந்த வரிசையும் சும்மா கிடைத்ததில்லை. 1947இல் ஏரா என்ற இரவு விடுதி நடனக்காரியை மில்ஸ் ரொம்பச் சின்ன உடையில் வரைந்துவிட்டாள் என்று 37 பத்திரிகைகள் தொடரையே நிறுத்திவிட்டன. போர்க்காலத்தில் இதே மிஸ் ஃப்யூரியை வீரர்கள் போர் விமானத்தின் மூக்கில் வரைந்துகொண்டு குண்டு போடப் போனார்கள். அப்போது யாருக்கும் கண் உறுத்தவில்லை. தொடர் 1951 கடைசியோடு நின்றது. அதற்குப் பிறகு மில்ஸ் காமிக்ஸ் பக்கம் அதிகம் வரவில்லை. 1971இல் மார்வெலுக்கு ஒரு காதல் கதை வரைந்தாள், 1988இல் இறந்துபோனாள்.

படிப்பதற்கு: ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் போட்ட இரண்டு கனமான தொகுப்புகள் இருக்கின்றன, ட்ரினா ராபின்ஸ் தொகுத்தவை. இங்கே ஒரு சின்னக் குழப்பம். 2011இல் முதலில் வந்த புத்தகம் 1944 முதல் 1949 வரை, 2013இல் வந்ததுதான் 1941 முதல் 1944 வரை. வாங்கினால் 2013 தொகுப்பிலிருந்து ஆரம்பி, இல்லாவிட்டால் எரிக்காவின் நெற்றியில் என்ன இருக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும். ட்ரினா ராபின்ஸும் சாமான்யப்பட்டவள் இல்லை. வொண்டர் வுமன் இதழை வரைந்த முதல் பெண், 1986இல்தான் அந்த வாய்ப்பே கிடைத்தது. 2024 ஏப்ரலில் காலமானாள். மில்ஸை மறந்துபோன உலகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததில் பெரிய பங்கு அவளுடையது. பிற்பாடு டைனமைட் நிறுவனம் செய்த புது மிஸ் ஃப்யூரியும் ஒன்று உண்டு. அதில் காலப்பயணம் எல்லாம் வரும், எனக்கு ஒட்டவில்லை.

வடபழனி டிரஸ்:

சிஸ்டர், கதைப் பக்கம் அக்கா பார்த்துக்கொண்டார். துணிப் பக்கம் நான் சொல்கிறேன், நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் உடை தைத்துத் தருகிற வேலைதான் எனக்கு.

ரெக்ஸின் பக்கமே போகாதீர்கள். படத்தில் பளபளவென்று நன்றாக இருக்கும், ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் உள்ளே குளம் கட்டிவிடும். கோடவுன் தெருவில் மேட் கறுப்பு காட்டன் லைக்ரா கேளுங்கள், நாலு பக்கமும் இழுபடுகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபடுவதை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், உட்கார்ந்தால் முட்டியில் பிடிக்கும். தோல் மாதிரித் தெரிய வேண்டும் என்றால் தோளிலும் முதுகிலும் மட்டும் கொஞ்சம் வெல்வெட் வைத்துத் தைக்கலாம், கறுப்புக்குள் கறுப்பு என்பதால் போட்டோவில் எடுப்பாக வரும்.

தொடை இடுக்கில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இது இல்லாமல் தைத்துவிட்டு அரங்கத்தில் குனிந்தபோது கிழித்துக்கொண்டவர்கள் நிறைய. ஜிப் முதுகில் வேண்டாம், துணைக்கு ஆள் இல்லாமல் பாத்ரூம் போக முடியாது. முன்னால் வைத்து மேலே ஒரு பட்டி மூடிவிடுங்கள்.

நகம் ஃபோம் ஷீட்டில் வெட்டி அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் போதும், பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். கூரான பொருள் எதையும் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். கால் விரல் நகத்தை ஷூவுக்கு மேலே வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள், எஸ்கலேட்டரில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். வால் கண்டிப்பாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், இரண்டு ப்ரெஸ் பட்டன் போதும். கூட்டத்தில் யாராவது மிதித்தால் வால் மட்டும் வரும், நீங்கள் விழ மாட்டீர்கள். முகமூடி கண்ணையும் தலையையும் மூடுவது. உள்ளே நெற்றிப் பக்கம் ஒரு பழைய பனியன் துணியை வைத்துத் தைத்தால் வியர்வை கண்ணில் இறங்காது.

குரோம்பேட்டை பூனை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. சித்தி பையனுக்கு சைதை அண்ணாவின் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன், நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.

அக்கா, நீங்கள் எழுதியதைத் தோழிகளிடம் படித்துக் காட்டினேன். ஒருத்தி எரிக்காவாக வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நெற்றியில் அந்தச் சின்னத்தை ஐ-லைனரால் வரைந்துகொள்ளலாமா? நம் ஊரில் வாசல் கதவில் மஞ்சளில் போடுகிறதுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்கிறாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இன்னொருத்திக்கு இன்னும் ஆளே கிடைக்கவில்லை. ஏரா வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டாள்!

பைகிராஃப்ட்ஸ் ரோடு:

உனக்குப் பட்டதுதான் சரி, வரைய வேண்டாம். கதவில் மஞ்சளில் போடுகிறது வேறு, இது ஹிட்லர் கட்சிக் கொடியில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரனோ, விவரம் தெரிந்த நம் ஊர்க்காரனோ முகம் சுளித்தால், கூட்டத்துக்கு நடுவே நின்று எந்த ஸ்வஸ்திகா என்று விளக்கம் சொல்ல முடியுமா? போட்டோ எடுத்து எங்காவது போட்டுவிட்டால் விளக்கம் கூட வராது, படம் மட்டும்தான் சுற்றும்.

அதோடு, எரிக்காவுக்கு அது தேவையும் இல்லை. கதை முழுக்க அவள் அதை மறைத்துக்கொண்டுதான் திரிகிறாள். உன் தோழி முன்முடியை 'வி' வடிவில் வெட்டி, ஜெல் போட்டு நெற்றியில் படிய வைத்து, ஒரு நீளமான கவுனும் முழங்கை வரை கையுறையும் போட்டுக்கொண்டு, யார் பக்கத்தில் வந்தாலும் சட்டென்று ஒரு விரலால் முன்முடியைச் சரிசெய்துகொண்டாலே போதும். தொடர் படித்தவனுக்கு அந்த விரலைப் பார்த்ததும் புரிந்துவிடும். முடியை வெட்ட மனசு இல்லை என்றால் வடபழனி தம்பியிடம் கேள், ஒட்டுமுடி வைத்திருப்பார்.

மூன்றாவது ஆள்தான் எனக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. அவளை டார்ப்பே மில்ஸாக வரச் சொல். 1940களின் தோள் பட்டை வைத்த ஜாக்கெட், முழங்கால் வரை பாவாடை, ஒரு கையில் பிரஷ், விரல் நுனியில் கொஞ்சம் இந்தியன் இங்க், இன்னொரு கையில் பொம்மைக் கடையில் வாங்கின வெள்ளைப் பூனை. நீயும் அவளும் ஒரே மாதிரிக் கொண்டை போட்டு, ஒரே நிறத்தில் லிப்ஸ்டிக் போட்டுக்கொள்ளுங்கள். முகமூடியைக் கழற்றி அவள் பக்கத்தில் நின்றாயானால், கட்டம் தம்பி பயப்படுகிற அந்தக் கதையில் பாதி அங்கேயே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முகமூடி கழற்றுவது பற்றி இன்னொன்று. நாள் முழுக்க அந்தக் கறுப்பு உடையிலேயே இருக்காதே. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மார்லாவாக மாறிவிடு. ஒரு நல்ல கவுன், தொப்பி, கையுறை போதும், சிறுத்தைத் தோலை மட்டும் கையில் மடித்துப் போட்டுக்கொள். கதைக்கும் அதுதான் நெருக்கம், வெயிலுக்கும் நல்லது.

உடைகளைக் கிட்டத்திலிருந்து பார்த்து வரைந்துகொள்ள வேண்டும் என்றால் இரண்டு தொகுப்பும் என்னிடம் இருக்கின்றன, அக்கா பையன் அமெரிக்காவிலிருந்து வரும்போது மூட்டை எடையில் பாதி இதுவாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். இரவல் தர மாட்டேன், வீட்டுக்கு வந்து பார். தனிச்செய்தியில் எழுது, முகவரி தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பேன்.